ஏரி மீனுக்கும் ஓர் அளவு வேண்டும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. போடுவதற்கே அளவு வேண்டுமெனில், எடுப்பதற்கு அளவு வேண்டாமா? நம் ஏரிகளிலும் அணை நீர்த்தேக்கங்களிலும் மீன் பிடிக்கப்படும் முறையைச் சற்று நின்று நோக்குவோர்க்கு இக்கேள்வி எழாமல் இராது. விரல் நீளக் குஞ்சையும், வயிறு நிறையச் சினை சுமக்கும் தாய் மீனையும் ஒரே வலையில் வாரிக் கரை சேர்க்கிறோம். மறு வருஷம் மீன் இல்லையே என்று மழையின்மேல் பழி சுமத்துகிறோம். மழை பொய்த்த வருஷங்கள் உண்டு என்பது மெய்யே. ஆனால் மழை நன்கு பெய்த வருஷங்களிலும் பல ஏரிகளில் மீன் பெருகவில்லை என்பதற்கு நாம் என்ன விடை கூறுவோம்?

நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் உரிய இப்பத்திரிகையில் மீனைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். நம் அங்கத்தினரில் ஒரு சாரார் ஏரி நீரை நம்பிப் பயிர் செய்கிறவர்கள். அவர்கள் வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து மழைநீரோடு வடிந்து சேரும் இடம் ஏரியே. மற்றொரு சாரார் சாயமிட்ட நூலை அலசுகிறவர்கள். அந்நீரும் ஓடை வழியே இறுதியில் ஏதேனும் ஒரு நீர்நிலையையே அடைகிறது. ஆகவே ஏரி மீன் வாழ்வதும் மடிவதும் மீனவர் ஒருவரைப் பொறுத்த காரியமன்று. நமக்கும் அதில் பங்குண்டு, பழியிலும் பங்குண்டு.

அளவின் நியாயம்

பால் பிடிக்காத கதிரை அறுக்கும் உழவர் இல்லை. தறியில் பாதி நெய்த சேலையை அறுத்துச் சந்தைக்குக் கொண்டு செல்லும் நெசவாளரும் இல்லை. மீன் விஷயத்தில் மாத்திரம் அதையே செய்கிறோம். மீனின் நீளம் இருமடங்கானால் அதன் எடை ஏறத்தாழ எண்மடங்காகும். ஏனெனில் நீளம், அகலம், பருமன் ஆகிய மூன்றும் ஒருங்கே வளர்கின்றன. ஒரு சாண் அளவில் பிடிக்கப்படும் கட்லாக் குஞ்சை இரண்டு சாண் வளர விட்டால், ஒரு மீனுக்கு எட்டு மீன் எடை கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கால் கிலோ எடையுள்ள ஆயிரம் கெண்டைகளை இன்று பிடித்தால் 250 கிலோ கிடைக்கும். அவை ஒரு கிலோ ஆகும் வரை பொறுப்போமாயின், இடையில் முந்நூறு மீன்கள் மாண்டு போயினவென்று வைத்துக்கொண்டாலும், எஞ்சிய எழுநூறும் 700 கிலோ தரும். பெரிய மீனுக்குச் சந்தையில் கிலோவுக்குக் கூடுதல் விலையும் உண்டு. பொறுத்திருப்பதற்குத் தீனிச் செலவு ஏதும் இல்லை. ஏரி தானே ஊட்டி வளர்க்கிறது.

அளவுக் கட்டுப்பாட்டிற்கு இரண்டு நியாயங்கள் உண்டு. அவற்றை வேறு வேறாக அறிதல் அவசியம். விரால், வாளை, உள்நாட்டுச் சிறு கெண்டை முதலியன நம் நீர்நிலைகளிலேயே இனம் பெருக்குபவை. இவற்றுக்கு அளவு விதிப்பதன் நோக்கம், ஒவ்வொரு மீனும் ஒரு தடவையேனும் முட்டையிட்ட பின்னரே வலையில் விழவேண்டும் என்பது. கட்லா, ரோகு, மிர்கால் என்னும் பெருங்கெண்டைகளோ மழைக்கால வெள்ளம் பாயும் ஆறுகளில் முட்டையிடும் இனங்கள். தேங்கிய ஏரி நீரில் அவை பெருகுவதில்லை. 1957-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கட்டாக்கில் ஹீராலால் சௌதுரி என்னும் விஞ்ஞானி பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இக்கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். அதன் பின்னரே குஞ்சுகளைப் பண்ணையில் பொரித்து ஏரிகளில் விடுதல் நாடெங்கும் எளிதாயிற்று. இவற்றுக்கு அளவு விதிப்பதன் நோக்கம் விட்ட முதல் வளர்ந்து வட்டியோடு திரும்ப வேண்டும் என்பதே. விரலளவுக் குஞ்சை விலை கொடுத்து வாங்கி விட்டுவிட்டு, மூன்று மாதத்தில் அதையே வாரி எடுப்பது முதலையே தின்பதாகும்.

எல்லா மீனுக்கும் ஒரே கோல் ஆகாது என்பதையும் சொல்லி விடுகிறோம். 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, நம்மவர் ஜிலேபி என்று அழைப்பது, வருஷத்தில் பல தடவை குஞ்சு பொரிக்கும். தாய் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும். நெருக்கம் மிகுந்தால் வளர்ச்சி குன்றி, சிறு உடலிலேயே மேலும் மேலும் பெருகும். அம்மீனில் சிறியதை விட்டுவிடு என்று விதிப்பது ஏரியைக் குறுமீன்களால் நிரப்புவதாய் முடியும். அதைத் தாராளமாகப் பிடித்துக் குறைப்பதே நன்று. ஆகவே இனமறிந்து அளவு வைக்கவேண்டும்.

ஆழியாறு காட்டிய வழி

இவை ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்குவோர் ஆனைமலை அடிவாரத்து ஆழியாறு நீர்த்தேக்கத்தின் வரலாற்றை அறிதல் வேண்டும். பொள்ளாச்சி, நெகமம் பகுதி அங்கத்தினர்களுக்கு இது அயலூர்ச் செய்தியன்று. பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தைச் சேர்ந்த இத்தேக்கத்தின் பரப்பு சுமார் 650 ஹெக்டேர். 1964–65-ஆம் ஆண்டில் இதில் கிடைத்த மீன் ஹெக்டேருக்கு 1.67 கிலோ மாத்திரமே. அதாவது, அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பிலிருந்து ஒரு வருஷத்தில் ஏறத்தாழ ஒரு டன் மீன். ஒரு கிராமத்துக் குளம் இதைத் தந்துவிடும்.

குஞ்சு விடாமல் இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. ஹெக்டேருக்கு 500 முதல் 2,500 வரை ஒழுங்கின்றி விட்டு வந்தனர். பின்னர் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த முறைகள் அங்கே கைக்கொள்ளப்பட்டன. மெதுவாக வளரும் இனங்களை விடுவதை நிறுத்திப் பெருங்கெண்டைகளை மாத்திரம் விட்டனர். குஞ்சின் நீளம் 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டனர். எண்ணிக்கையை ஹெக்டேருக்கு 235 முதல் 300 வரையாகக் குறைத்தனர். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாமல், இடைவெளி விட்டுப் பல தவணைகளில் விட்டனர். வலைக்கண்ணின் அளவைக் கண்டிப்பாக வரையறுத்தனர். ஒரு கிலோவுக்குக் குறைந்த பெருங்கெண்டையைப் பிடிக்கலாகாது என்று தடை செய்தனர். இவற்றின் விளைவாக, 1990-இல் ஹெக்டேருக்கு 194 கிலோ மீன் கிடைத்தது. தேக்கம் முழுவதற்கும் கணக்கிட்டால் நூற்றிருபத்தைந்து டன்னுக்கு மேல்.

இப்பெருக்கம் அளவுக் கட்டுப்பாடு ஒன்றினாலேயே வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆறு செயல்களும் சேர்ந்து பலித்தன. ஆனால் ஒன்று சிந்திக்கத்தக்கது. குஞ்சுகளின் எண்ணிக்கை குறைந்தது. மகசூலோ நூறு மடங்குக்கு மேல் உயர்ந்தது. அதிகம் விட்டால் அதிகம் கிடைக்கும் என்ற எண்ணம் பிழை. விட்டதை வளர விடுவதே பெரிது.

சட்டம் இல்லாமலில்லை

மீனுக்கு அளவு வேண்டும் என்பது நேற்று முளைத்த யோசனையும் அன்று. சென்னை இராணுவத்தில் மருத்துவராயிருந்து பின்னர் மீன் ஆராய்ச்சியில் புகழ்பெற்ற டாக்டர் பிரான்சிஸ் டே, 1873-ஆம் ஆண்டில் இந்தியா, பர்மா நன்னீர் மீன்வளம் பற்றி வெளியிட்ட அறிக்கையில், நுண்ணிய கண்ணுள்ள வலைகளாலும் வாய்க்கால்களில் வைக்கப்படும் பொறிகளாலும் மீன்குஞ்சு அழிவதை எடுத்துக் காட்டினார். 1897-ஆம் ஆண்டில் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் கொல்வதை அது குற்றமாக்கிற்று. வலைக்கண்ணின் அளவையும் வலை வகைகளையும் வரையறுக்க மாகாண அரசாங்கங்களுக்கு அதிகாரம் தந்தது. ஒரு நீர்நிலையில் இரண்டு வருஷம் வரை மீன் பிடித்தலையே நிறுத்தி வைக்கவும் வழி செய்தது.

ஒன்றேகால் நூற்றாண்டு கடந்தும் கொசுவலைத் துணியால் குஞ்சு வாரும் காட்சி மறையவில்லை. காரணம் குத்தகை முறையில் உள்ளது. ஏரியை ஒரு வருஷத்துக்கு ஏலம் எடுத்தவர், அந்த வருஷத்திற்குள் கடைசி மீனையும் எடுத்துவிடவே முனைவார். விட்டு வைப்பது அடுத்த குத்தகைதாரருக்கு லாபம் அல்லவா? ஓராண்டுக் குத்தகைக்கு நிலத்தைப் பிடித்தவர் அதில் தென்னை வைப்பாரோ? ஆகவே குத்தகைக் காலம் ஐந்தாண்டுக்குக் குறையலாகாது என்பதும், அது தனியார் ஏலத்திற்குப் போகாமல் அவ்வூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திற்கே தரப்பட வேண்டும் என்பதும், வலைக்கண்ணும் மீனின் அளவும் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும் என்பதும் நமது திடமான கருத்து.

ஏழையின் வயிறு

"சிறு மீனை விட்டுவிடு என்று சொல்வது உங்களுக்கு எளிது. இன்று மாலை உலை கொதிக்க வேண்டுமே!" என்று மீனவர் கேட்டால், அக்கேள்வியை அலட்சியம் செய்ய நமக்கு உரிமை இல்லை. வலை வாங்கவும் பரிசல் வாங்கவும் வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர் அவர். கேட்ட நாளில், கேட்ட எடையைக் கொடுத்தாக வேண்டும். அவர் குஞ்சைப் பிடிப்பது பேராசையால் அன்று, கடனால்.

இந்த நிலையை நம் நெசவாளர் நன்கு அறிவர். நூலுக்கு முன்பணம் தந்தவரிடமே, அவர் சொன்ன விலைக்குத் துணியை ஒப்படைத்த காலம் மறந்து போகக்கூடியதா? 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும், ஊர்தோறும் நெசவாளர் சங்கங்கள் எழுந்ததும் அந்தத் தளையை நெகிழ்த்தவே. நூலும் சங்கமே தருவது, துணியும் சங்கமே கொள்வது என்ற ஏற்பாடு நெசவாளருக்கு எதைச் செய்ததோ, அதையே வலையும் சங்கமே தருவது, மீனும் சங்கமே கொள்வது என்ற ஏற்பாடு மீனவருக்குச் செய்யும். குறைந்த அளவு மீனைக் கொள்முதல் செய்வதில்லை என்று சங்கம் தீர்மானித்துவிட்டால், காவலர் கண்காணிப்பைவிட அது பத்து மடங்கு பலிக்கும். மீன் வளரும் மாதங்களில் குடும்பம் நடத்த, விற்பனையில் ஒரு சிறு பகுதியைப் பிடித்து வைத்துத் திருப்பித் தரும் சேமிப்பும் வேண்டும். இவ்விரண்டும் இன்றி அளவுச் சட்டத்தை மாத்திரம் கொண்டுவருவது ஏழையை வருத்துவதாகும்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலிருந்து இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கே நைல் பெர்ச் என்னும் பெருமீனை 50 சென்டிமீட்டருக்குக் குறைவாகவும் பிடிக்கலாகாது, 85 சென்டிமீட்டருக்கு மேலும் பிடிக்கலாகாது என்று இரு பக்கமும் எல்லை வகுத்தனர். பெரிய தாய் மீன் மிகுதியான முட்டையிடும் ஆதலின் அதையும் காப்பது அறிவுடைமையே. ஆனால் 2017-இல் உகாண்டா நாட்டில் இவ்விதிகளை நிறைவேற்ற இராணுவத்தையே ஏரிக்கு அனுப்பினர். சிறு மீனவரின் வலைகளும் படகுகளும் தீக்கிரையாயின, மனக்கசப்பும் வளர்ந்தது. விதி நல்லதாயினும், அதனால் கட்டுப்படுவோர் சேர்ந்து செய்யாத விதி காவல் உள்ளவரைதான் நிற்கும். கூட்டுறவாளர் இதை மறக்கலாகாது.

வாழும் இடம்

அளவு மாத்திரம் போதாது. வீடு இடிந்து கிடக்க, குடியிருப்போர் பெருக வேண்டும் என்று விரும்பிப் பயன் என்ன?

ஏரியின் ஓரத்தில் நீர்ச்செடிகள் அடர்ந்த ஆழமற்ற பகுதியே குஞ்சுகளின் தொட்டில். கோடையில் நீர் வற்றும்போது ஒதுங்கி உயிர் பிழைக்க ஆழமான மடு வேண்டும். புதுவெள்ளம் வரும்போது நீரை எதிர்த்து மேலேறி முட்டையிட, வரத்துக் கால்வாய் திறந்திருக்க வேண்டும். இம்மூன்றும் உள்ள ஏரியில் உள்நாட்டு மீன் தானே பெருகும். நாமோ வரத்துக் கால்வாயில் பறி வைத்துச் சினை மீனை அள்ளுகிறோம். தூர் எடுக்கும்போது ஏரியைத் தட்டுப்போல் சமப்படுத்தி மடுவைத் தூர்த்து விடுகிறோம். கரையோரச் செடியை எல்லாம் குப்பை என்று களைகிறோம். வெங்காயத் தாமரையை மாத்திரம் படர விடுகிறோம்! அது நீரின் முகத்தை மூடிவிட்டால் வெளிச்சம் உள்ளே புகாது. அழுகும் இலைகள் நீரிலுள்ள பிராணவாயுவை உண்டுவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நிற்பது அதன் அறிகுறி.

விரால் மீனைப் பற்றித் தனியே ஒரு சொல். தாயும் தந்தையும் குஞ்சுத் திரளின் அருகிலேயே நின்று காவல் புரியும் இனம் அது. நீர்மட்டத்தில் செந்நிறமாய்க் குஞ்சுகள் மொய்ப்பதை அடையாளமாகக் கொண்டு, கீழே நிற்கும் பெற்றோரைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது பலருக்குப் பழக்கம். ஒரு மீன் கிடைக்கிறது. காவல் இழந்த குஞ்சுகள் அத்தனையும் பிற மீனுக்கு இரையாகின்றன. குஞ்சோடு நிற்கும் விராலைத் தொடுவதில்லை என்று ஓர் ஊர் உறுதி பூண்டாலே போதும். செலவில்லாத சீர்திருத்தம் அது.

பயிரிடுவோர்க்கும் மீனவர்க்கும் கோடையில் நேரும் பிணக்கு ஒன்று உண்டு. மதகைத் திறந்து கடைசிச் சொட்டு நீரையும் வயலுக்குப் பாய்ச்ச உழவர் விரும்புவர். மீனுக்கு நீர் வேண்டும் என்பர் மீனவர். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே ஏரியின் ஒரு பகுதியை ஆழப்படுத்தி மடு வைத்துவிட்டால் இப்பிணக்கு தீரும். அந்நீர் வயலுக்குப் பாயாது. ஆகவே உழவருக்கு நஷ்டமில்லை. அங்கே எடுக்கும் வண்டல் அவர் வயலுக்கே உரம். கோடையில் கால்நடைக்கும் அதுவே தண்ணீர். பாசிப்பாட்டம் என்ற பெயரில் ஏரி மீன் வருவாய் குறிக்கப்பட்டதையும், அவ்வருவாய் ஏரியின் மராமத்துக்கே உதவியதையும் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் இருந்தது. ஏரி தந்த பணம் ஏரிக்கே என்ற அந்த நெறியை நாம் மீட்கவேண்டும்.

நமது பங்கு

இனி நம் வீட்டைப் பார்ப்போம். நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது உழவர் நன்மைக்காக. திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளின் கழிவு அதில் தேங்கி, பாசனத்துக்கு உதவாத நீராயிற்று. தங்களுக்கென்று கட்டிய அணையில் நீரைத் தேக்க வேண்டாம் என்று உழவர்களே வேண்டும் நிலை வந்தது. வழக்கு நடந்து, கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாத ஏற்பாடு செய்யும் வரை பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறைகள் மூடப்பட்டபோது வேலையிழந்தோரும் ஏழைகளே. காலத்தில் செய்திருந்தால் சிறு செலவில் முடிந்திருக்கும் காரியம், தாமதத்தால் உழவர், தொழிலாளர் இருவருக்கும் துன்பமாய் முடிந்தது.

நம் சங்கங்களின் சாயச்சாலைகள் சிறியவை. ஆனால் சலவைத் தூளின் குளோரினும், சாயமேற்ற இடும் உப்பும் சிறு ஓடைக்குப் பெரியவை. நமது நூல் அலசிய நீர் எங்கே போகிறது என்று ஒவ்வொரு நெசவாளர் சங்கமும் நடந்து சென்று பார்க்க வேண்டுகிறோம்.

பயிரிடுவோர்க்கும் இதையே சொல்வோம். மீனுக்குக் கொடிய நஞ்சான எண்டோசல்பானை 2011 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் தடை செய்தது. அதற்கு மாற்றாகக் கைக்கொள்ளும் சைபர்மெத்ரின் முதலிய மருந்துகளும் மீனுக்கு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சாகும். தெளிப்பானை வாய்க்காலில் கழுவுவதும், காலி டப்பாவை ஏரிக்கரையில் எறிவதும் இன்றே விடத்தக்க பழக்கங்கள்.

செய்ய வேண்டுவன

நாம் வேண்டுவது அரிய காரியம் எதுவுமில்லை. முதலாவது, ஏரியைச் சார்ந்த உழவர், நெசவாளர், மீனவர் சங்கங்கள் மூன்றும் ஒன்றுகூடி ஓர் ஏரிக் குழு அமைத்தல். இரண்டாவது, எந்த மீனை எந்த அளவுக்குக் கீழே பிடிப்பதில்லை என்பதை அக்குழுவே, மீன்வளத் துறையாரின் யோசனை கேட்டு நிச்சயித்து, கரையில் பலகை நாட்டுதல். மூன்றாவது, வலைக்கண்ணுக்கும் ஓர் அளவு நிச்சயித்தல். இழையை எண்ணி நெய்யும் நெசவாளருக்கு வலைக்கண்ணை அளப்பது பெரிதன்று. வலையை இழுத்துப் பிடித்து ஒரு முடிச்சிலிருந்து எதிர் முடிச்சு வரை அளப்பதே முறை. நான்காவது, புதுவெள்ளக் காலத்தில் வரத்துக் கால்வாயில் பறி வைப்பதை அறவே நிறுத்துதல். ஐந்தாவது, மீன் வருவாயில் ஒரு பகுதியை மடு எடுக்கவும் வெங்காயத் தாமரை அகற்றவும் ஒதுக்குதல்.

இவற்றில் எதற்கும் அரசாங்கத்தின் புதிய சட்டம் தேவையில்லை. நீண்ட குத்தகை ஒன்றுக்கு மாத்திரமே அரசாங்கத்தை நாடவேண்டும். அதை ஒருமுகமாகக் கேட்போமாக. தமிழ்நாட்டில் ஏரிகள் 39,000-க்கு மேல் உள்ளன. பத்தில் ஒன்று இந்நெறியில் வந்தாலும் எத்தனை குடும்பங்களுக்கு மலிவான புலால் உணவு கிடைக்கும், எத்தனை மீனவர் கடன் தீரும் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏரிக் குழு என்ற ஒரு வரியைச் சேர்க்குமாறு ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகிகளையும் கேட்டுக்கொள்கிறோம். மழைக்காலத்திற்குள் அது நடந்தால், வரும் வெள்ளத்திலேயே பலன் தொடங்கும்.